மாயன் புராணக் கதைகள் அந்த மக்களோட பண்பாட்டுல இன்னும் இருக்கா, இல்ல 2012 உலக அழிவோட முடிஞ்சுபோச்சா?

மாயன்கள்னா மத்திய அமெரிக்கா பக்கத்து பழங்குடி மக்கள், 2012ல உலகம் அழியும்னு அவங்க காலண்டர் சொல்லுதுன்னு ஒரு வதந்தி பரவுச்சு. முதல்ல அந்த 2012 மேட்டர முடிச்சிடுறேன், இல்லன்னா கமெண்ட்ல அதையேதான் கேப்பீங்க. மாயன்களோட நீண்ட காலக் கணக்குல 13வது பக்தூன் (ஒரு பக்தூன்னா சுமார் 394 வருஷம்) முடிஞ்ச நாள் 2012 டிசம்பர் 21, அவ்வளவுதான் விஷயம். மெக்சிகோல பலேங்கேங்கிற ஊர்ல பகால் ராஜாவோட சமாதி இருக்கிற கோயில் கல்வெட்டுல, அவர் பட்டம் கட்டுன நாளோட ஒரு பெரிய சுற்று கி.பி. 4772ல வரும்னு செதுக்கி வெச்சிருக்காங்க. 2012ல எல்லாம் முடியும்னு நினைக்கிறவன் 4772க்கு எதுக்கு கணக்கு போடப்போறான்? அழிவுக்கதை முழுக்க வெளியாளுங்க கிளப்பிவிட்டது, டிவியும் சினிமாவும் நல்லா காசு பாத்துச்சு.

இன்னொண்ணு, மாயன்கள் எங்கயும் காணாமப் போகல. 9ஆம் நூற்றாண்டு வாக்குல தெற்குப் பக்கம் இருந்த பெரிய நகரங்களை விட்டு ஜனங்க போயிட்டாங்க, உண்மைதான், ஆனா குவாத்தமாலா, மெக்சிகோ, பெலீஸ்னு இன்னைக்கும் பல லட்சம் பேர் மாயன் மொழிகள் பேசிட்டு இருக்காங்க. அதனால "பண்பாட்டுல தாக்கம் இருக்கா"ங்கிறதுக்கு மியூசியத்துல பதில் தேடக்கூடாது, அடுப்படியிலயும் சோளக்காட்டுலயும்தான் தேடணும்.

கதைகளுக்கு முக்கியமான நூல் போபோல் வூ. குவாத்தமாலா மலைப்பகுதியில இருக்கிற கிச்சே மாயன்களோடது. 1524ல ஸ்பானியர்கள் வந்து அவங்க தலைநகரையே எரிச்ச பிறகு, 1550கள்ல கிச்சே பிரபுக்கள் சிலர் தங்களோட கதைகளை லத்தீன் எழுத்துல எழுதி வெச்சாங்க, பேர் கூட போடல. 1700 வாக்குல சிச்சிகாஸ்தெனாங்கோ ஊர்ல பாதிரியாரா இருந்த பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் அதைப் பாத்து காப்பி எடுத்தார், இப்ப நம்மகிட்ட இருக்கிறது அந்த காப்பிதான், சிகாகோல ஒரு லைப்ரரில இருக்கு. மெக்சிகோவோட யூகாத்தான் பக்கம் இந்த அதிர்ஷ்டம் கூட இல்ல, 1562ல டியேகோ தெ லாந்தாங்கிற பாதிரியார் மானி ஊர்ல மாயன் புத்தகங்களை குவிச்சு வெச்சு கொளுத்திட்டார். கொடுமை என்னன்னா அதே ஆளு எழுதி வெச்ச குறிப்புதான் 400 வருஷம் கழிச்சு மாயன் எழுத்தை படிக்க சாவியா இருந்துச்சு.

சரி கதைக்கு வரேன். தெய்வங்க மனுஷன படைக்கப் பாக்குறாங்க. முதல்ல மண்ணுல செஞ்சாங்க, தண்ணி பட்டதும் கரைஞ்சுபோச்சு. அப்புறம் மரத்துல செஞ்சாங்க, நடந்தான் பேசினான் புள்ளக்குட்டி பெத்தான், ஆனா மனசுன்னு ஒண்ணு இல்ல, படைச்சவங்க நெனப்பே இல்ல. வெள்ளத்தை அனுப்பி அழிக்கிறாங்க, அப்ப நடக்கிறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம், வீட்டுல இருக்கிற சட்டி பானை, அரைக்கிற கல்லு, நாய் எல்லாம் எந்திரிச்சு சண்டைக்கு வருது. "தினமும் எங்க முகத்துல வெச்சு அரைச்சீங்கல்ல, இப்ப நாங்க உங்கள அரைக்கிறோம்"னு அம்மி சொல்லுது, "சாப்பாடு போடாம கம்பால விரட்டுனீங்கல்ல"ன்னு நாய் கேக்குது. தப்பிச்ச மிச்சம் மீதிதான் குரங்கு. பொருளுக்கும் வலிக்கும்னு இவ்வளவு கோவமா சொல்ற கதை நான் வேற எங்கயும் படிச்சதில்ல.

கடைசியா மஞ்ச சோளத்தையும் வெள்ளை சோளத்தையும் (நம்ம மக்காச்சோளம்தான்) ஷ்முகானேங்கிற கிழவி ஒன்பது தடவ அரைச்சு, அந்த மாவுல மனுஷனோட சதை உருவாச்சு. அதனாலதான் அவங்களுக்கு சோளம்ங்கிறது வெறும் சாப்பாடு இல்ல, தங்களோட உடம்பே அதுதான். சோளத்தை அப்படியே அரைக்க மாட்டாங்க, சுண்ணாம்புத் தண்ணில வேகவெச்சு ஊறவெச்சு கழுவித்தான் அரைப்பாங்க. அப்படி செஞ்சாதான் அதுல இருக்கிற நியாசின் சத்து உடம்புல சேரும். ஐரோப்பாக்காரன் சோளத்தை மட்டும் கொண்டுபோனான், இந்த பக்குவத்தை விட்டுட்டான், அதையே தின்னு வாழ்ந்த ஏழைங்களுக்கு இத்தாலி ஸ்பெயின் பக்கமெல்லாம் நியாசின் குறைஞ்சா வர்ற பெலாக்ரா நோய் வந்து செத்தாங்க.

அப்புறம் இரட்டையர் கதை, ஹுனாப்புவும் ஷ்பாலான்கேயும். இவங்க அப்பாவை பாதாள லோகமான ஷிபால்பாவோட ராஜாக்கள் பந்து விளையாட கூப்ட்டு கொன்னு, தலைய ஒரு மரத்துல மாட்டிடுறாங்க. அந்தத் தலை அங்க வந்த ஒரு பாதாளத்து ராஜா மகளோட கையில துப்புது, அவ கர்ப்பமாகி இந்த ரெண்டு பேரையும் பெத்தெடுக்கிறா, பசங்க வளந்து அதே பாதாளத்துக்குப் போய் ராஜாக்களை ஏமாத்தி ஜெயிக்கிறாங்க. யூகாத்தான்ல சிச்சேன் இட்ஸாங்கிற பழைய மாயன் நகரத்துல இருக்கிற பெரிய பந்து மைதானத்து சுவத்துல தலை வெட்டுன ஆட்டக்காரன் கழுத்துல இருந்து ரத்தம் பாம்பாவும் கொடியாவும் கிளம்புற சிற்பம் இருக்கு, இந்தக் கதைய தெரிஞ்சுட்டு பாத்தா அது வெறும் கொலைவெறி இல்லன்னு புரியும், சாவுல இருந்து பயிர் முளைக்குதுங்கிற அதே நெனப்பு.

இரட்டையருக்கு ஒரு ஜோடி அண்ணன்களும் உண்டு, பாட்டு, எழுத்து, செதுக்குறதுன்னு எல்லாத்துலயும் கெட்டி, ஆனா பொறாமை. தம்பிங்க அவங்கள தந்திரமா மரம் ஏறவெச்சு குரங்கா மாத்திடுறாங்க, பாட்டி முன்னாடி வந்து அவங்க ஆடுற ஆட்டத்துல பாட்டிக்கு சிரிப்பு அடக்க முடியல, அதனால திரும்ப மனுஷனாகவும் முடியல. ஆனா கலைஞர்கள் அவங்களத்தான் கும்பிட்டாங்க, பழைய மாயன் பானைகள்ல குரங்கு மூஞ்சி வெச்ச எழுத்தர் உக்காந்து எழுதுற படம் நிறைய இருக்கு. மூத்த குரங்கோட பேர்ல இருக்கிற பாட்ஸ் மாயன்களோட 260 நாள் சடங்கு காலண்டர்ல ஒரு நாளோட பேரும் கூட, அதுல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண்ணும் ஒரு பேரும் சேர்ந்து வரும். குவாத்தமாலாவுல மொமோஸ்தெனாங்கோ ஊர்ல 8 பாட்ஸ் நாள் வரும்போது நாள் கணிக்கிறவங்களுக்கு (அஹ்கிஹ்னு சொல்வாங்க) தீட்சை கொடுக்கிற சடங்கு இன்னைக்கும் நடக்குது. கல்யாணத்துக்கு, விதைப்புக்கு நாள் பாக்க, புள்ள பொறந்த நாள வெச்சு குணம் சொல்ல ஜனங்க அவங்ககிட்டதான் போறாங்க.

யூகாத்தான்ல மழை வரலன்னா சாக்ங்கிற மழை தெய்வத்துக்கு காட்டுல பந்தல் மாதிரி மேடை போட்டு படையல் வெப்பாங்க, சின்னப் பசங்க மேடைக்கு அடியில உக்காந்து தவளை மாதிரி கத்துவாங்க. அதே மேடையில சிலுவையும் இருக்கும். குவாத்தமாலாவுல சான்தியாகோ அதித்லான்ங்கிற ஊர்ல மாஷிமோன்னு ஒரு சாமி, தொப்பி போட்டு கழுத்துல துணியெல்லாம் கட்டி வாயில சுருட்டோட உக்காந்திருப்பார், சாராயம்தான் காணிக்கை, வருஷா வருஷம் வேற வீட்டுக்கு மாறுவார். பாதிரியார்களுக்கு இவர பிடிக்கல, ஆனா புனித வாரத்துல இவர் இல்லாம அந்த ஊர்ல ஒண்ணும் நடக்காது. இத "கலப்படம்"னு சொல்ற ஆளுங்க மேல எனக்கு கடுப்புதான் வரும், 500 வருஷ அடிக்கு நடுவுல தன் சாமிய காப்பாத்த தெரிஞ்ச ஜனங்க அவங்க.

1960ல இருந்து 1996 வரைக்கும் நடந்த குவாத்தமாலா உள்நாட்டுப் போர்ல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க மாயன்கள். ராணுவம் கிராமங்களை அழிச்சப்போ சோளக்காட்டையும் சேத்தே கொளுத்துச்சு. சோளத்துல இருந்து பொறந்தோம்னு நம்புறவங்களுக்கு அது என்ன மாதிரி அடின்னு யோசிச்சுக்கோங்க.

படிக்கணும்னு ஆசை இருந்தா போபோல் வூவுக்கு டென்னிஸ் டெட்லாக்கோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்ப எடுங்க, 1985ல வந்தது. அவரே மொமோஸ்தெனாங்கோல நாள் கணிக்கிறதுக்கு பயிற்சி எடுத்தவர், அங்க இருந்த ஆந்த்ரேஸ் ஷிலோஹ்ங்கிற அஹ்கிஹ் கூட உக்காந்து வரிவரியா படிச்சு அர்த்தம் கேட்டு எழுதியிருக்கார். ஆரம்பம் கொஞ்சம் இழுக்கும், அம்மி சண்டைக்கு வர்ற வரைக்கும் பொறுமையா படிங்க, அதுக்கப்புறம் கீழ வெக்க மாட்டீங்க.