தொட்டி மண்ணை ஆண்டுதோறும் மாற்றத்தான் வேண்டுமா?

மாடித் தொட்டிகளில் ஓராண்டு கழிந்ததும் மண் இறுகிவிடுகிறது, கொட்டிவிட்டுப் புதிது நிரப்ப வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரக்கடையில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பார்கள். வேண்டியதில்லை, வாடல் நோய் கண்ட தொட்டி மட்டும் விதிவிலக்கு.

நான் குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம். எங்களுடையது அமிலத்தன்மை மிகுந்த செம்மண். இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கிக் கார்த்திகை வரை இரண்டு பருவமழையும் பெய்து தீர்ப்பதால், சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) தொட்டியின் அடித்துளை வழியாகவே கரைந்து போய்விடும். தொழுவுரமும் தென்னை நார்க்கழிவும் மட்கிக் குறையக் குறைய மண் கீழிறங்கி, வேருக்குக் காற்றில்லாமல் இறுகுகிறது. போனதைத் திருப்பிக் கொடுத்தால் அதே மண் மறுபடியும் விளையும்.

பயிர் முடிந்ததும் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, வேர்களைப் பொறுக்கி, தொட்டிக்கு ஒரு கைப்பிடி நீற்றுச் சுண்ணாம்பு கலந்து, ஈரம் காயாமல் இரண்டு வாரம் விட்டுவிடுவேன். தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் அதற்குப் பிறகுதான்; சுண்ணாம்போடு சேர்த்தே போட்டால் சாணத்தின் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கரிசல் மண்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் மண்ணுக்குச் சுண்ணாம்பு ஆகாது என்பது எனக்கும் தெரியும்.

சென்ற மழைக்காலத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கி நின்ற ஒரு தக்காளிச் செடியைப் பார்த்துவிட்டு, "மண்ணு செத்துப்போச்சு மைனி, எல்லாத்தையும் தட்டிருங்க" என்றாள் என் நாத்தனார். நான் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரை ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடித்துக் காட்டினேன். சற்று நேரத்தில் பால்போன்ற வெள்ளை இழைகள் தண்டிலிருந்து நீருக்குள் இறங்கின. பாக்டீரியா வாடல் நோய்க்கு அதுதான் அடையாளம். அந்த ஒரு தொட்டியின் மண்ணைத் தென்னை மூட்டில் கொட்டினேன். மற்றவை அப்படியே இருக்கின்றன, காய்க்கின்றன. இப்போது கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட, இந்நோயைத் தாங்கும் 'அனகா' தக்காளியும் 'ஹரிதா' கத்தரியும்தான் வைக்கிறேன்.

கடையில் விற்கும் 'தயார் மண்' மூட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பிரித்துப் பார்த்த ஒன்றில் பெரும்பங்கு மட்காத நார்க்கழிவு. நீர் ஊற்றினால் பால் சேர்க்காத கட்டன்சாயா நிறத்தில் வடிந்தது. மட்காத நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 100:1 என்ற விகிதத்தில் இருப்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ள, இலை வெளுக்கும். காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கவைத்தால் அது 24:1 அளவுக்கு இறங்கும். அப்படி மட்கியதை மட்டும் வாங்குங்கள்.

சாணத்துக்குத்தான் எங்கள் ஊரில் பெரும்பாடு. விளைநிலமெல்லாம் ரப்பர் தோட்டம் ஆனபின் புல்லும் இல்லை, மாடும் இல்லை. கிடைக்காத பருவத்தில் வேலியில் நிற்கும் கிளைரிசிடியா தழையை நறுக்கி, மண்ணோடு அடுக்கடுக்காகப் போட்டு, மட்கிய பிறகு நடுகிறேன். தழைச்சத்துக்கு அது தாராளம்.