ஸ்கூபா டைவிங் விளையாட்டா, பொழுதுபோக்கா? அதில் போட்டிகள் உண்டா?

பொழுதுபோக்குதான். புதுச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் பதில். போட்டியும் உண்டு, ஆனால் அது வேறு உலகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீருக்கடியில் நடக்கும் விளையாட்டுகளுக்கான சி.எம்.ஏ.எஸ். என்ற உலகக் கூட்டமைப்பு 1959-இல் மொனாக்கோவில் உருவானது. முதல் தலைவர் ஜாக் கூஸ்தோ. 1943-இல் பொறியாளர் எமில் காஞ்ஞனோடு சேர்ந்து, இன்று நாம் வாயில் கவ்வும் ரெகுலேட்டரின், அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுவிட ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவியின், மூல வடிவத்தை உருவாக்கியவர் அவர்தான். இந்தக் கூட்டமைப்பின் ஃபின் நீச்சலில் (காலில் துடுப்பு மாட்டி நீந்துவது), காற்றடைத்த சிலிண்டரைக் கைகளால் முன்னே நீட்டிப் பிடித்தபடி, தலையை வெளியே எடுக்காமல் பாய்ந்து போகும் பிரிவுகள் இருக்கின்றன. நீரடி ஓரியண்டியரிங் இன்னும் கடினம். கலங்கிய ஏரித் தண்ணீரில் திசைகாட்டியையும் தூரம் காட்டும் கருவியையும் நம்பி, குறித்த இலக்குகளை மிகக் குறைந்த நேரத்தில் தொட்டுவிட்டு வரவேண்டும். அங்கே கடிகாரம் இருக்கிறது, நடுவர் இருக்கிறார், பதக்கம் இருக்கிறது. இவை விளையாட்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

நாங்கள் செய்யும் டைவிங்கில் நல்லவர் யார் என்று பார்க்கும் அளவுகோலே தலைகீழ். வேகமாக நீந்துபவரைப் பயிற்சியாளர் கையசைத்து நிறுத்துவார். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும், மேற்பரப்பில் உள்ள அளவு அழுத்தம் இன்னொரு முறை கூடும். இருபது மீட்டரில் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று சிலிண்டரிலிருந்து போகிறது. நிதானமானவர் மேலே நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சு விடுகிறார் என்றால் அங்கே 45 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) நிரப்பி, 50 பாரைக் கையிருப்பாக விட்டுவைத்தால் அவருக்குச் சுமார் 36 நிமிடம் கிடைக்கும். பதற்றத்தில் 25 லிட்டர் விடுபவருக்கு 22 நிமிடம்தான். காலை அடித்துக்கொண்டு முந்திப் போகிறவர்தான் முதலில் மேலே வருகிறார். ஆமையைப் பார்ப்பதும் பெரும்பாலும் பின்னால் மெல்ல வந்தவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. இருவராக இறங்கும்போது, காற்று யாருக்குக் குறைவோ அவர்தான் திரும்பும் நேரத்தை முடிவு செய்கிறார். மற்றவரின் சிலிண்டரில் பாதி மிச்சம் இருந்தாலும் கூடவே ஏற வேண்டும். யார் வேண்டுமானாலும் எந்த நொடியிலும் கட்டைவிரலை மேலே காட்டலாம். கரையில் அதற்கு ‘சபாஷ்’ என்று பொருள் கொள்வோம். தண்ணீருக்குள் ‘மேலே போவோம்’ என்பது மட்டுமே பொருள். காரணம் சொல்லத் தேவையில்லை, பிறகு யாரும் கேட்கவும் கூடாது. பலவீனமானவரின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்கும் இடத்தில் போட்டிக்கு வேலை இல்லை. நான் இதைப் பொழுதுபோக்கு என்று அடித்துச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் ஆழம். டைவிங்கில் போட்டி மனம் நுழையும் வாசல் அதுதான். “நீ எத்தனை மீட்டர் போனாய்?” என்று படகில் யாராவது கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அமெரிக்கரான ஷெக் எக்ஸ்லி, குகை டைவிங்கின் பாதுகாப்பு விதிகளை எழுதி வகுத்தவர்களில் முதன்மையானவர். அவரே 1994 ஏப்ரலில் மெக்சிகோவின் சகாட்டோன் நீர்க்குழியில் ஏறத்தாழ 300 மீட்டரைத் தொட முயன்று இறந்தார். அவ்வளவு தெரிந்தவருக்கே அந்தக் கதி. பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர் என்று எல்லை வைத்திருப்பது சும்மா இல்லை. 30 மீட்டரைத் தாண்டும்போதே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் பலருக்குப் போதை போலத் தலைக்கேறும். முடிவெடுக்கும் திறன் மங்கும். 1942-இல் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹெர்மஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதைப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. அதற்கென்று தனியாக, பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டி இறங்கக் கற்றுத்தரும் தொழில்நுட்ப டைவிங் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பொழுதுபோக்கு என்றவுடன் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இன்று ஸ்வராஜ் தீப்) பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே 12 மீட்டருக்குள் சுற்றிக் காட்டுவது ஒரு நாள் அனுபவம். நீங்களே உங்கள் மிதப்பைக் கட்டுப்படுத்தி, துணை டைவரையும் கவனித்துக்கொள்ளக் கற்கும்போதுதான் பொழுதுபோக்கு தொடங்குகிறது. மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவைச் சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே ஏறவே கூடாது, நுரையீரல் கிழியும். ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன், வேகமாக மேலே போனால் குமிழியாகி ஆபத்தாகும் என்பதால், பல நாள் டைவ் செய்த பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். அந்தமானில் கடைசி நாளில் டைவ் வைத்துக்கொண்டு அன்று மாலையே போர்ட் பிளேரிலிருந்து (இன்று ஸ்ரீ விஜயபுரம்) பறக்கத் திட்டமிடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

உங்கள் கேள்வியில் இல்லாத மூன்றாவது வகையும் இருக்கிறது. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்கு இது விளையாட்டும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. முன்பு மூச்சை அடக்கி இறங்கினார்கள்; பிறகு படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை நம்பி இறங்கும் பழக்கம் வந்தது. என் மணிக்கட்டில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிமிடமும் எச்சரிக்கிறது; மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்கிறது. நைட்ரஜன் அவர்கள் உடம்பிலும் கரைந்து குமிழியாகும் அதே வேலையைத்தான் செய்யும். சங்கு கிடைக்கும்வரை கீழே இருந்தால்தான் அன்றைய கூலி. டைவிங் பற்றிப் பேசும் நம் குழுக்களில் அவர்கள் பெயரே வருவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. பாதுகாப்பு பற்றிய அறிவு அவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நாம் பொழுதுபோக்கு என்று சொன்னாலும் காப்பீட்டு நிறுவனங்கள் ஸ்கூபாவைப் பெரும்பாலும் சாகச விளையாட்டுப் பட்டியலில்தான் வைக்கின்றன. சாதாரண விபத்துக் காப்பீடும் பயணக் காப்பீடும் பல நேரம் அதை விலக்கிவிடும். நைட்ரஜன் குமிழியால் பாதிக்கப்பட்டவரை உயர் அழுத்த அறையில் வைத்துக் குணப்படுத்தும் சிகிச்சை தேவைப்பட்டால் செலவு பெரிது. பதிவு செய்யும் முன் விலக்குப் பட்டியலை வாசித்துவிட்டு, தேவையானால் டைவர்களுக்கென்றே உள்ள காப்பீட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.