சராசரி எஃப்பிஎஸ் 100 இருந்தும் கேம் ஏன் திக்குகிறது?

ரிவ்யூவில் சராசரி 100 எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு வரும் ஃபிரேம்கள், அதாவது படங்கள்) என்று பார்த்துக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்கிறீர்கள். சராசரியை மட்டும் பார்த்தால் அந்தத் திக்கல் தெரியவே தெரியாது.

ஒரே ஒரு நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். 99 ஃபிரேம்கள் தலா 8 மில்லிசெகண்டில் வந்துவிடுகின்றன, ஒன்று மட்டும் 200 மில்லிசெகண்ட் இழுக்கிறது. கணக்குப்படி இதுவும் 100 எஃப்பிஎஸ்தான். ஆனால் திரையில் படம் அப்படியே உறைந்து, அப்புறம் தாவும். எதிரியைக் குறிபார்க்கும் நேரத்தில் இது நடந்தால் ஆட்டமே போச்சு. 2011-இல் டெக் ரிப்போர்ட் என்ற கணினி ரிவ்யூ தளத்தில் ஸ்காட் வாசன் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் அளந்து காட்டியது இதைத்தான்.

ஆகவே ரிவ்யூவில் '1% லோ' எண்ணை முதலில் பாருங்கள். மிக மெதுவாக வந்த 1% ஃபிரேம்களின் வேகத்தை எஃப்பிஎஸ் கணக்கில் அது சொல்லும். சராசரி 90, லோ 70 உள்ள கார்டைத்தான் நான் எடுப்பேன். சராசரி 100, லோ 40 உள்ளது வேண்டாம்.

சரி, கார்டை மாற்றும் முன் ஒன்று. கேம் செட்டிங்கில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) ஒரு படி குறைத்ததும் திக்கல் நின்றால், கார்டின் வீடியோ மெமரி போதவில்லை. புதிய இடத்தில் முதல்முறை மட்டும் திக்கி, மறுமுறை சீராக ஓடினால், பெரும்பாலும் ஷேடர் (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) அப்போதுதான் கம்பைல் ஆவது, அதாவது கார்டுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றப்படுவதுதான் காரணம். அதற்குக் கார்டைக் குறை சொல்ல முடியாது.