நதியை வலப்புறம் வைத்து நடப்பவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அண்மையில் பணி ஓய்வு பெற்றேன். நர்மதையை நடந்தே வலம்வரும் பரிக்கிரமாவைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. என் பிள்ளைகளோ, “ஊர் சுற்றும் ஆசைக்கு ஆன்மிகம் என்று பெயர் வைக்கிறீர்கள்” என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி சரி. அந்தப் பாதியை நீங்கள் மறுக்க வேண்டியதில்லை. காடுமேடுகளையும் புதிய மனிதர்களையும் பார்க்கும் ஆசை துளியும் இல்லாதவர் அந்த வழியில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். அமர்கண்டக்கில் தோன்றி, விந்திய மலைக்கும் சாத்பூரா மலைக்கும் நடுவே மேற்கு நோக்கி 1,312 கிலோமீட்டர் ஓடி, குஜராத்தில் பரூச்சைத் தாண்டிக் கடலில் சேரும் நதி அது. ஒரு கரையில் கடல்வரை போய் மறு கரையில் திரும்பி மூலத்தைச் சுற்றி வந்தால் 2,600 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. மரபு இதற்கு வகுத்த காலம் 3 ஆண்டு, 3 மாதம், 13 நாள். இன்று பெரும்பாலோர் சில மாதங்களிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இந்த நடை வெறும் சுற்றுலாவாகிவிடாமல் காப்பவை அதன் விதிகள். நதி எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்க வேண்டும். துணையாறுகளைக் கடக்கலாம், நர்மதையை மட்டும் எங்கும் குறுக்கே கடக்கக் கூடாது. இதன் கடுமையை ஓங்காரேஸ்வரத்தில் பார்க்கலாம். ஜோதிர்லிங்கங்களில் ஒன்றான ஓங்காரேஸ்வரர் நதியின் நடுவே ஒரு தீவில் இருக்கிறார். (அங்கே நர்மதையில் கலக்கும் சிற்றாற்றுக்கும் காவேரி என்றே பெயர் என்பதைக் கும்பகோணத்துக்காரரான உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) தென்கரையில் சங்கல்பம் செய்துகொண்டு, சிறிய குப்பியில் நதிநீரை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவருக்குக் கோபுரம் எதிரிலேயே தெரியும், பாலத்தில் நடந்தால் சில நிமிடங்கள்தாம். ஆனால் அவர் போகக் கூடாது. மேற்கே கடல்வரை சென்று, வடகரை வழியாகத் திரும்பி வரும்போது அதே கோயிலை மறுபுறத்திலிருந்து பார்த்துவிட்டு, மறுபடியும் போகாமல் அமர்கண்டக் வரை நடந்து, தென்கரையில் இறங்கி வந்து சுற்று நிறைவடைந்த பிறகே குப்பி நீரை இறைவனுக்குச் சமர்ப்பிக்க முடியும்.

கையெட்டும் தூரத்தில் இருப்பதை மாதக்கணக்கில் தள்ளிவைக்கும் இந்தப் பயிற்சி, பல ஆண்டு உபதேசம் செய்யாததை மனத்துக்குள் செய்துவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆகவே பிள்ளைகளிடம், “ஊர் சுற்றத்தான் போகிறேன், ஆனால் நதி சொல்கிறபடி சுற்றப் போகிறேன்” என்று சொல்லுங்கள்.

கேள்வி: கையில் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார்களே, சாப்பாட்டுக்கு என்ன வழி?
– வாசகி, கோவை

பதில்: பழைய விதி அப்படித்தான், இன்று அவசரத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்கிறார்கள், அதில் பிழை காண எனக்கு மனமில்லை. கரையோர ஆசிரமங்களிலும் சிற்றூர்களிலும் ‘சதாவிரதம்’ என்ற அறம் வழிவழியாக நடந்துவருகிறது. “நர்மதே ஹர்!” என்று குரல் கொடுத்தபடி வாசலில் போய் நின்றால், உள்ளிருந்தும் அதே சொல்லே பதிலாக வரும். கோதுமை மாவு, ஒரு பிடி பருப்பு, உப்பு, இரண்டு பச்சைமிளகாய் என்று துணியில் முடிந்து தருவார்கள். நாமே வறட்டி மூட்டி, ‘டிக்கட்’ என்னும் தடித்த ரொட்டியைத் தணலில் சுட்டுச் சாப்பிட வேண்டும். மேலே கருகி, உள்ளே வேகாத முதல் சில ரொட்டிகளைத் தின்ற பிறகுதான் கை பழகும். சமைத்த உணவையே இலையில் இட்டு உபசரிக்கும் இடங்களும் நிறைய உண்டு.

உண்மையில் கடினமானது பசி அன்று. வாழ்நாளெல்லாம் சம்பாதித்து, பிறருக்குக் கொடுத்துப் பழகிய ஒருவர், தம்மைவிடப் பல மடங்கு ஏழையான ஒரு விவசாயியின் வாசலில் கையேந்தி நிற்பதுதான் கடினம். மறுக்கவும் கூடாது, கணக்குப் பார்த்துத் திருப்பித் தரவும் கூடாது. கொடுப்பவர் நம் காலைத் தொட்டு வணங்குவார். நாம் யார், என்ன உத்தியோகம் பார்த்தோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் கிடையாது. அந்த வணக்கம் நதிக்குப் போகிறது என்று உணரும்வரை நமக்குக் கூச்சம் தீராது. உள்முகத் தேடல் தியானத்தில்தான் தொடங்கும் என்று எண்ணுகிறவர்கள், அந்த வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

கேள்வி: சூலபாணிக் காட்டில் வழிப்பறி நடக்கும் என்று படித்தேன். இப்போதும் அப்படியா?
– வாசகர், மதுரை

பதில்: மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மூன்றும் சந்திக்கும் மலைப்பகுதி அது. வறுமையில் வாடிய பில் பழங்குடியினரில் சிலர் அங்கே யாத்திரிகர்களின் உடைமைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு கோவணத்தோடு அனுப்பியது முன்காலத்து வழக்கம். யாத்திரிகர்களும் அதைக் குற்றமாகக் கருதாமல், கடைசிப் பற்றையும் நர்மதை அன்னை தன் பிள்ளைகள் மூலம் வாங்கிக்கொள்கிறாள் என்று ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

அந்தக் காட்டின் பழைய பாதையே இன்று இல்லை. சர்தார் சரோவர் அணையின் நீர்த்தேக்கம் அதை விழுங்கிவிட்டது. பழைய சூலபாணேஸ்வரர் கோயிலும் மூழ்கி, கோரா என்ற ஊரில் வேறு கோயில் எழும்பியது. 2017-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்த அணை, 2019-இல் முதன்முறையாக 138.68 மீட்டர் என்ற முழு நீர்மட்டத்தை எட்டியபோது மத்தியப் பிரதேசத்தின் பட்வானி, தார் மாவட்டங்களின் கரையோர ஊர்களுக்குள் நீர் புகுந்தது. அணையால் குஜராத்தின் வறண்ட பகுதிகளுக்குத் தண்ணீர் கிடைத்ததும் உண்மை; மறுவாழ்வு கேட்டு மக்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்ததும் உண்மை. அவ்வழியே நடப்பவர், தமக்கு ரொட்டி கொடுக்கும் குடும்பம் முன்பு எங்கே இருந்தது என்று ஒரு வார்த்தையாவது கேட்க வேண்டும். கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஜபம் செய்வதை என்னால் தேடல் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: வேலைக்குப் போகிறவள் நான். பகுதி பகுதியாக நடந்தால் பலன் உண்டா?
– வாசகி, சென்னை

பதில்: உண்டு. ஜபல்பூர் ஓவியர் அமிர்தலால் வேகட், 50 வயதை நெருங்கிய நிலையில் 1977-இல் தொடங்கி, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து நடந்தவர். இரண்டு மூன்று வாரங்களில் பேருந்தில் சுற்றிவருவதும் உண்டு. முதியவர்களுக்கு அது நல்லது, நடக்க முடிந்தவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்னோட்டமாக, குஜராத்தில் நதி வடக்கு நோக்கித் திரும்பும் ராம்புரா–திலக்வாடா பகுதியில் சைத்திர மாதத்தில் (நம் பங்குனி–சித்திரையில்) நடக்கும் ‘உத்தரவாகினி’ பரிக்கிரமாவுக்குப் போய் வாருங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும், இந்தச் சிறு சுற்றில் படகில் நதியைக் கடக்க அனுமதி உண்டு.

முழுச்சுற்றுக்குக் கிளம்புகிறவர்கள் சாதுர்மாசியம் என்னும் நான்கு மாத மழைக்கால விரதம் முடிந்து, தீபாவளிக்குப் பின் வரும் வளர்பிறை ஏகாதசிக்கு மேல் புறப்படுவது வழக்கம். கழிமுகத்தில் தென்கரை விமலேஸ்வரிலிருந்து வடகரை மீட்டி தலாய்க்குக் கடல்வழியே படகில்தான் போக வேண்டும்; கடலில் சுற்றிப் போவதால் அது நதியைக் குறுக்கே கடப்பதாகாது. கடல் ஏற்றம் பார்த்தே படகு விடுவார்கள் என்பதால், அங்கே ஓரிரு நாள் காத்திருக்கவும் நேரலாம். கொஞ்சம் இந்தி கற்றுக்கொள்ளுங்கள். காலணி புதிதாக வாங்கினால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பழக்கிக்கொள்ளுங்கள்.