வாசகர் கேள்வி – பதில்: கம்ப்ரசர் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: எங்கள் குடும்ப கார் 15 வருடப் பழசு. ஏசி போட்டதும் கரகரவென்று சத்தம், கூடவே பெல்ட் கருகும் வாடை. கம்ப்ரசர் ஜாம், அதை மட்டும் மாற்றி கேஸ் அடித்தால் போதும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

பதில்: ஜாம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, புல்லிக்கு (பெல்ட் ஓடும் சக்கரம்) முன்னால் இருக்கும் கிளட்ச் தகட்டை (ஏசி போட்டதும் புல்லியோடு ஒட்டிக் கம்ப்ரசரைச் சுற்றவைப்பது) கையால் திருப்பிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு சீராகச் சுற்றினால் கம்ப்ரசர் உயிரோடுதான் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி, புல்லியை மட்டும் சுழற்றினாலும் கரகரக்கிறதென்றால் போனது பேரிங். பல வண்டிகளில் கேஸை இறக்காமலே அதை மாற்றிவிடலாம்.

தகடு அசையவே இல்லை என்றால் ஜாம்தான். ஆனால் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. கேஸை மெஷினில் இறக்கியபின் (காற்றில் திறந்துவிடக் கூடாது) கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் பைப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். கறுத்துப்போய், வெளிச்சத்தில் மினுமினுத்தால் அது உள்ளே தேய்ந்து உதிர்ந்த உலோகத்தூள். அது முதலில் போய்ச் சேரும் இடம், சூடான கேஸை ஆறவைக்கும் கண்டென்சர். மெல்லிய கால்வாய்கள் அடுக்கிய பேரலல் ஃப்ளோ கண்டென்சரை ஃபிளஷ் செய்து (உள்ளே திரவம் விட்டு அலசி) முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். விட்டுவைத்தால் மிஞ்சிய தூள் எக்ஸ்பான்ஷன் வால்வை (எவாப்பரேட்டருக்குள் கேஸை அளவாக விடும் வால்வு) அடைக்கும், புதுக் கம்ப்ரசரையும் தின்றுவிடும்.

எக்ஸ்பான்ஷன் வால்வு, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் இரண்டையும் கழற்றிவிட்டு, பைப்களையும் எவாப்பரேட்டரையும் (காருக்குள் வரும் காற்றைக் குளிரவைக்கும் பகுதி) ஃபிளஷ் செய்து நைட்ரஜனால் ஊதிக் காயவையுங்கள். திரும்பப் பூட்டும்போது வால்வும் டிரையரும் புதிதாக இருக்கட்டும். கழற்றிய ஓ-ரிங் ஒவ்வொன்றையும் மாற்றி, ஆயில் தடவிப் பூட்டுங்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் ஆயிலில்தான். புதுக் கம்ப்ரசருக்குள் ஏற்கெனவே ஆயில் இருக்கலாம். அதை வடித்து அளந்து, மொத்த சிஸ்டத்துக்கும் கம்பெனி சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். பிஏஜி (ஏசி கம்ப்ரசர் ஆயில் வகை) 46-ஆ 100-ஆ என்பதை லேபிள் சொல்லும். திறந்து வைத்த டப்பா காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதைத் தொடாதீர்கள். கேஸ் ஏற்றியபின், ஏசி போடுவதற்கு முன் தகட்டைக் கையால் 10, 15 சுற்று திருப்புங்கள்; அப்படிச் செய்தால் உள்ளே தேங்கிய ஆயில் முதல் நொடியிலேயே கம்ப்ரசரை உடைக்காது.

கேஸ் ஏற்றுமுன் வேக்கம் பம்ப் 45 நிமிடமாவது ஓடட்டும். நிறுத்தி அரை மணி பொறுங்கள். கேஜ் முள் ஏறினால் எங்கோ லீக், அல்லது ஈரம் இன்னும் போகவில்லை. கேஸை எடைபோட்டு, பானட் லேபிளில் உள்ள கிராம் கணக்கில் ஏற்றுங்கள். கேஜைப் பார்த்து உத்தேசமாக அடிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கண்டென்சர் ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள்: பழைய கம்ப்ரசர் அளவுமீறிய பிரஷரில் செத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: காலையில் ஏசி நன்றாகக் குளிர்கிறது. அரை மணி ஓடியதும் கிளட்ச் விட்டுவிடுகிறது. கம்ப்ரசர் போய்விட்டதா?

பதில்: அவசரப்படாதீர்கள். கிளட்ச் விட்ட அந்த நேரத்திலேயே காயில் (தகட்டை இழுக்கும் மின்காந்தச் சுருள்) வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே, பிரஷர் சுவிட்ச் பக்கம் தேடுங்கள். வந்தும் ஒட்டவில்லை என்றால் தகட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். பொதுவாக 0.3 முதல் 0.6 மி.மீ. இருக்கும். தேய்மானத்தில் அது அகன்றிருந்தால், சூடேறி பலம் குறைந்த காயிலால் தகட்டை இழுக்க முடியாது. தகட்டைக் கழற்றி ஒரு ஷிம்மை (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய வாஷர்) எடுத்தால் பல நேரம் முடிந்தது வேலை. காயிலும் பெரும்பாலும் 3, 4 ஓம் காட்ட வேண்டும்.

கேள்வி: லீக் அடைக்கும் திரவம் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். சிலவகைத் திரவங்கள் ஈரம் பட்டால் கெட்டியாகி எக்ஸ்பான்ஷன் வால்வையே அடைத்துவிடும். கேஸ் இறக்கும் மெஷினுக்கும் கேடு. அதற்குப் பதில் யுவி டை (புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம்) ஏற்றி லீக்கைத் தேடுங்கள்.