ஜூனில் அப்பா, அம்மா வருகிறார்கள்: எந்த மாளிகை, எந்தத் தோட்டம்?

"இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம், கார் உண்டு. ஜூன் தொடக்கத்தில் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு வாரத்துக்கு வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், முழங்கால் வலிக்காரர். அம்மாவுக்குச் செடிகொடி என்றால் உயிர். நேஷனல் டிரஸ்ட் அட்டை வாங்கினால் கட்டுப்படியாகுமா? எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நேஷனல் டிரஸ்ட் என்பது பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரித்து எல்லோருக்கும் திறந்துவைக்கும் தொண்டு நிறுவனம். அதன் உறுப்பினர் அட்டைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒருவருக்கான ஆண்டுச் சந்தா என்பது பெரிய மாளிகைகளுக்கு ஐந்தாறு முறை சீட்டு வாங்கும் காசு. நீங்களும் கணவரும் இருவர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா, அம்மா ஊர் திரும்பிய பிறகும் வருடம் முழுக்க ஆகும், டிரஸ்டின் கார் நிறுத்துமிடங்களிலும் பணம் கேட்க மாட்டார்கள். ஆனால் அட்டை பெயர் போட்டவருக்கு மட்டும்தான். அதைக் காட்டி அப்பாவை உள்ளே அழைத்துப்போக முடியாது. ஆறு வாரத்தில் மூன்று நான்கு இடத்துக்கு மேல் போக மாட்டீர்கள் (போகவும் வேண்டாம்), அதனால் அவர்களுக்குத் தனித்தனிச் சீட்டே போதும். சீட்டு வாங்கும்போது கிஃப்ட் எய்டு (நன்கொடைக்கான வரியைத் தொண்டு நிறுவனம் அரசிடம் திரும்பப் பெறும் திட்டம்) சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு விலை இருக்கும். சேர்த்த விலை பத்து சதவீதம் போலக் கூடுதல், அது நன்கொடை, கட்டாயமில்லை. இன்னொன்று, பிளெனிம், சாட்ஸ்வொர்த் போன்றவை தனியார் மாளிகைகள், அங்கே இந்த அட்டை செல்லாது. பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச், இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற வேறொரு தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தாலும் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர்களுக்கு அங்கே இலவசம்.

சரி, எங்கே போவது? அம்மாவுக்கு யோசிக்கவே வேண்டாம், ஹாம்ப்ஷயரில் மாட்டிஸ்ஃபாண்ட். பழைய மடாலயம் ஒன்று மாளிகையாக மாறிய இடம், ஆனால் ஜூனில் யாரும் மாளிகைக்காகப் போவதில்லை, மதில் சூழ்ந்த ரோஜாத் தோட்டத்துக்காகத்தான் போகிறார்கள். கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் என்ற தோட்டக்கலைஞர் 1970களில் அங்கே பழங்கால ரோஜா வகைகளைத் தேடிச் சேர்த்து நட்டார். இந்த வகைகளில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும், அதுவும் ஜூனில். ஜூலை நடுவில் போனால் இலையைத்தான் பார்ப்பீர்கள். ஜூன் நடுவில், வார நாளில், காலை திறக்கும்போதே போய்விடுங்கள், மதிலுக்குள் அடைபட்டு நிற்கும் அந்த வாசனையை அப்போதுதான் கூட்ட நெரிசல் இல்லாமல் அனுபவிக்க முடியும்.

அப்பாவுக்கு உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பேஸில்டன் பார்க் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் வங்காளத்தில் பெரும்பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிய ஃபிரான்சிஸ் சைக்ஸ், 1776இல் கட்டத் தொடங்கிய வீடு. அப்படித் திரும்பியவர்களை இங்கிலாந்துக்காரர்கள் கேலியாக "நபாப்" என்பார்கள், நம் நவாப்தான். பிளாசிப் போருக்குப் பிறகு வங்காளத்துப் பணம் எங்கே போனது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் அதைக் கல்லாகவே பார்க்கலாம். ஆனால் முக்கிய அறைகள் படியேறித்தான், எத்தனை படி, மாற்று வழி உண்டா என்று முன்னதாகவே ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு இரவு தங்க முடியுமானால் டெர்பிஷயரில் கெடில்ஸ்டன் ஹால். 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணத்தில் உருவான, கர்சன் குடும்பத்து மாளிகை. இதை மாதிரியாக வைத்துத்தான் 1803இல் கல்கத்தாவில் ஆளுநர் மாளிகையைக் கட்டி முடித்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 1899இல், அதே குடும்பத்துப் பிள்ளை கர்சன் பிரபு வைஸ்ராயாக அந்தக் கல்கத்தா மாளிகைக்கே குடிபோனார்! அவர் இந்தியாவிலிருந்தும் சுற்றுப்பட்ட நாடுகளிலிருந்தும் கொண்டுவந்த பொருள்கள் கெடில்ஸ்டனில் தனி அருங்காட்சியகமாக இருக்கின்றன. எனக்கு அதைப் பார்த்தபோது ரசிப்பதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. உங்கள் அப்பாவுக்கு அன்று இரவு பேச நிறைய இருக்கும்.

எந்த மாளிகைக்குப் போனாலும் கவனிக்க வேண்டியவை சில. பெரும்பாலும் தோட்டம் முதலில் திறக்கும், வீடு பதினொரு மணியை ஒட்டித்தான், மாலையில் மூடுவதற்குக் கொஞ்சம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வீட்டைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அறைகள் மங்கலாக இருக்கிறதே, திரையை விலக்கக் கூடாதா என்று அம்மா கேட்பார்; வெளிச்சம் பட்டால் பழைய பட்டும் திரைச்சீலையும் வெளுத்து இற்றுப்போகும், அதற்காகத்தான். அப்புறம் நாற்காலி. இருக்கையில் பைன் மரக் காயோ முள்பூவோ வைத்திருந்தால் உட்காராதே என்று அர்த்தம். என் மாமனார் ஒரு மாளிகையில் அந்தக் காயைப் பத்திரமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இருநூறு வருட நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அறையில் நிற்கும் தன்னார்வலரிடம் முழங்கால் வலி என்று சொன்னால் உட்கார வேறு இடம் காட்டுவார்கள். அவர்களிடம் கேள்வியும் கேட்கச் சொல்லுங்கள், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். பூந்தோட்டத்துக்குள் பிரிக்கக் கூடாது, வெளியே புல்வெளியில் விரித்து உட்காரலாம். மடக்கு நாற்காலி ஒன்று காரில் இருக்கட்டும், தரையில் உட்கார்ந்தால் அப்பாவால் எழ முடியாது.