அலமாரிகளைப் பூட்டலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். நூலக அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, எங்கள் பகுதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். நூலகர் பணியிடம் காலியாக இருக்கிறது. நானும் அலுவலக உதவியாளர் அண்ணன் ஒருவரும்தான் எல்லா வேலையும் பார்க்கிறோம். காலையில் திறந்து செய்தித்தாள் அடுக்கினால் இஷ்யூ, ரிட்டர்ன், நோ டியூஸ், பார்வையிட வரும் ஆய்வுக்குழுவுக்குக் கோப்பு என்று மாலை ஆகிவிடுகிறது. படித்தது எதுவும் பயன்படுவதாகத் தெரியவில்லை. வருபவர்களில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள்.

போன முறை ஸ்டாக் வெரிஃபிகேஷனில் சில புத்தகங்கள் கணக்கில் வரவில்லை. அதனால் அலமாரிகளைப் பூட்டிவிட்டு, சீட்டு எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். என் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. பி.எட். படித்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போயேன் என்கிறார்கள் வீட்டில். நீங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் வேண்டாம், ஐயா.

எம்.

அன்புள்ள எம்,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலமாரிகளைப் பூட்ட விடாதீர்கள். தற்காலிக வேலையில் இருப்பவர் எவ்வளவு தூரம் எதிர்த்துப் பேச முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் பேசுவதற்கு வேண்டிய கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சீட்டு எழுத வேண்டுமென்றால் எந்தப் புத்தகம் வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேராசிரியருக்குத் தெரியும். வீட்டில் நாலு புத்தகம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் ஓரளவு தெரியும். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தர்மபுரி. அன்றைக்கு ஆறு ஏழு வயதில் இருந்த பிள்ளைகள்தான் இந்தச் சில ஆண்டுகளாக உங்கள் கவுன்டர் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒரு புத்தகத்தைத் தேடப் போய், அதன் பக்கத்தில் இருக்கும் இன்னும் நாலை உருவிப் பார்த்துத்தான் அவர்கள் ஒரு பாடத்துக்குள் நுழைகிறார்கள். வகைப்பாடு என்று நாம் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் அந்த நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே? கதவைப் பூட்டிவிட்டால் அந்த உழைப்பு முழுக்க வீண். இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கூச்சப்பட்டு, சீட்டு நீட்டாமலே திரும்பிப் போகும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் வந்ததும் போனதும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

சரி, காணாமல் போன புத்தகங்களுக்கு வருவோம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். ஓராண்டில் இரவல் கொடுத்தவையும் உள்ளேயே எடுத்துப் படிக்கப்பட்டவையுமான ஒவ்வோர் ஆயிரம் நூலுக்கும் ஐந்து தொலைந்தால் அது இயல்பான இழப்பு என்று அந்த விதி சொல்கிறது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இருபதாயிரம் நூல்கள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேல் ஐம்பதாயிரம் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது. அதையும் தாண்டினால் மாதிரிச் சரிபார்ப்பே போதும். இது மத்திய அரசு விதி, உங்கள் பல்கலைக்கழகத்தை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நிர்வாகத்தின் முன்னால் வைத்துப் பேச இதைவிட உறுதியான ஆதாரம் கிடையாது.

அந்த விதியை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். அலமாரியில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதை வைத்து அது கணக்குப் போடவில்லை. எத்தனை தடவை புத்தகம் கைமாறியது என்பதை வைத்துப் போடுகிறது. வருடத்தில் பத்தாயிரம் தடவை எடுக்கப்பட்டிருந்தால் ஐம்பது வரை இயல்பு. இரண்டாயிரம் தடவைதான் என்றால் பத்தே பத்து. புத்தகம் படிக்கப்பட்டால் தேயும், சில தொலையும் என்று விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டு நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது. நிதி விதியின் இந்த ஒரு வரியில் அதுதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே உங்கள் முதல் வேலை, கைமாறும் எண்ணிக்கையைச் சரியாகப் பதிவு செய்வது. வெளியே போகும் புத்தகம் தானாகப் பதிவாகிவிடும். மேசையில் படித்துவிட்டு வைத்துப் போகும் புத்தகத்தைப் பெரும்பாலான இடங்களில் யாரும் எண்ணுவதே இல்லை. ‘படித்ததை அலமாரியில் திரும்ப வைக்காதீர்கள், மேசையிலேயே விடுங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். மத்தியானம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை அவற்றைத் திரட்டி, பார்கோடு காட்டி ரிட்டர்ன் போட்டுவிட்டு அலமாரிக்கு அனுப்புங்கள். நீங்கள் கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருந்தால், வெளியே போகாத புத்தகத்துக்கு ரிட்டர்ன் போடும்போது உள்பயன்பாடு என்று பதிவாகும்படி ஓர் அமைப்பு அதில் உண்டு. அதை இயக்கிவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஒரு நோட்டில் வகை எண்வாரியாகக் கோடு போட்டால் போதும். ஆய்வுக்குழு வரும்போது கோப்பு தயாரிக்கத் தவிக்கிறீர்களே, அந்தக் கோப்புக்கும் இந்த எண்கள்தான் உயிர்.

மாணவர்களைத் திரும்ப வைக்க விடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சரிபார்ப்பில் காணவில்லை என்று எழுதப்படும் புத்தகங்களில் பல, அதே கட்டடத்தில் வேறு அலமாரியில் உட்கார்ந்திருக்கும். தமிழ்ப் பகுதியில் இது அதிகம். நூல்களைப் பாடவாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டியூவி முறையில் தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811 என்றுதான் ஆரம்பிக்கும். கடைசியில் 1 வந்தால் கவிதை, 2 வந்தால் நாடகம், 3 வந்தால் புனைகதை. அதற்கப்புறம் ஆசிரியர் குறியீடு. அலமாரி அலமாரியாக ஒரே எண் போலத் தெரியும் லேபிள்கள். அதிலும் பாதி கிழிந்திருக்கும். ஓர் இலக்கத்தைக் கவனிக்காமல் வைத்தால் போதும், அந்தப் புத்தகம் அடுத்த சரிபார்ப்பு வரை கிடைக்காது. தேடி வந்தவருக்கு அது தொலைந்த புத்தகம்தான்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. காலையில் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் அலமாரி வாசிப்பு. முழு நூலகத்தையும் அல்ல, தினம் ஓர் அலமாரி. அண்ணன் ஒரு முனையிலிருந்து, நீங்கள் மறுமுனையிலிருந்து. எண் ஒழுங்கு பார்ப்பது, இடம் மாறியதை எடுப்பது, லேபிள் போனதைத் தனியே வைப்பது, ராமபாணப் பூச்சி அரித்ததைப் பிரிப்பது எல்லாம் அதற்குள் முடியும். கடைசி அலமாரியை முடித்ததும் மறுபடி முதலாவதில் தொடங்குங்கள். இதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். கவனக்குறைவு இல்லை என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உங்கள் சம்பளப் பயத்துக்கும் அதுவே பதில். கூடவே, போன சரிபார்ப்பில் வராத புத்தகங்களின் பட்டியலையும், நீங்கள் பொறுப்பேற்ற தேதியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நீங்கள் வருவதற்கு முன் போனது உங்கள் தலையில் விழக் கூடாது.

படித்தது பயன்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உங்கள் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நிலவரி வரலாற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ஓர் ஆய்வு மாணவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி என்று தேடினால் அவருக்கு 2004-க்குப் பிறகு வந்தவைதான் பெரும்பாலும் கிடைக்கும். அந்த ஆண்டுதான் அது தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் வேண்டுமென்றால் தர்மபுரி. தர்மபுரி மாவட்டமோ 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, அதனால் அதற்கும் முன் சேலம். இன்னும் பின்னால் போனால் பாரமகால். திப்பு சுல்தானுடனான 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பகுதி அது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும், உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடிப்போட்டது இங்கேதான். சங்க காலம் என்றால் அதியமானின் தகடூர். ஒரே நிலத்துக்கு இத்தனை தலைப்புகள். தமிழகத்தில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்களே, அந்த மயிலாடும்பாறையில் 2003-இல் முதலில் அகழாய்வு நடந்தபோது அது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. இன்று கிருஷ்ணகிரி. இந்தச் சங்கிலி தெரியாத மாணவர், ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தலைப்பை மாற்றிக்கொள்வார். தெரிந்த நூலகர் ஐந்து நிமிடத்தில் அவருடைய ஆய்வையே காப்பாற்றுவார். நீங்கள் படித்த ஆய்வு உதவி என்பது இதுதான். இந்தப் பெயர்களை ஒன்றோடொன்று கோத்து, ஒரு பெயரில் தேடினால் மற்றவையும் வரும்படி நூலக அட்டவணையில் குறிப்பு கொடுங்கள். ஒரு மாலை வேலை. அதன் பயன் பல வருடம் இருக்கும்.

தமிழ் நூல்களின் பதிவுகளை முன்பு இருந்தவர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள், பல நூலகங்களில் அப்படித்தான். ஒரே ஆசிரியர் பெயர் மூன்று விதமான எழுத்துக்கோர்வையில் இருக்கும், முதலெழுத்து சிலவற்றில் முன்னால், சிலவற்றில் பின்னால். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த நினைத்தால் மலைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். கவுன்டருக்குத் திரும்பி வரும் புத்தகத்தின் பதிவை மட்டும் அப்போதைக்கப்போது தமிழ் எழுத்தில் திருத்துங்கள். அதிகம் படிக்கப்படுபவை முதலில் சரியாகிவிடும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மூடும் வழக்கம் உங்களிடம் இருந்தால், நீங்களும் அண்ணனும் மாறி மாறிச் சாப்பிட்டு அதை நிறுத்துங்கள். வகுப்பு இல்லாத நேரம் மாணவர்களுக்கு அது ஒன்றுதான். மாலையில் அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் ஊத்தங்கரைக்கும் போகிற பிள்ளைகள் பேருந்தை விட்டால் இருட்டிவிடும் என்று ஓடுவார்கள். நோ டியூஸ் கையெழுத்தும் அப்படியே. கணினியில் பார்த்து, பாக்கி இல்லையென்றால் அந்த நிமிடமே போட்டுக் கொடுங்கள். ‘நாளைக்கு வா’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம், அவர்களுக்கு அது பேருந்துக் காசோடு ஒரு நாள் கூலியும் போன மாதிரி.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் வருவதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் தனி அறையும் அமைதியும் இல்லாதவர்கள் ஒரு மின்விசிறிக்கும் மேசைக்கும் வருகிறார்கள், தாராளமாக வரட்டும். பழைய வினாத்தாள்களையும் பள்ளிப் பாடநூல்களையும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தமிழக வரலாற்று அலமாரியை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து பாருங்கள், சில பேர் அதற்குள்ளும் போவார்கள்.

ஆய்வு மாணவர்களுக்காக இன்னொரு வேலை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அரசுப் பல்கலைக்கழகங்கள் அதில் உண்டு. அந்த இதழ்களை எப்படித் திறப்பது என்று ஒருவர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காவிட்டால், இங்கே இருக்கும் மாணவருக்கு அந்தப் பணம் செலவானதே தெரியாது. வாரத்தில் ஒரு மத்தியானம் அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கேட்பதற்கு என்ன சொல்வது? ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சில நாட்களிலேயே அந்தத் தனிமை பிடிக்காமல், திரும்ப ஆசிரியர் வேலைக்கே போகிறேன் என்று கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் பழைய வேலை உனக்குத்தான் என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் வேலையை விடவில்லை. ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு வேலை காத்திருந்தது, உங்களுக்கு இல்லை. தற்காலிகச் சம்பளத்தில் எத்தனை நாள் என்று வீட்டில் கேட்பது நியாயம். பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காட்டோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி கேட்கிறார்கள். நூலக அறிவியலுக்கும் நெட் உண்டு. பி.எட்.டுக்குப் போகும் காலத்தை அதற்குக் கொடுங்கள் என்று சொல்லவே எனக்கு ஆசை. முடிவு உங்களுடையது.

நிர்வாகத்திடம் பேசும்போது பூட்டும் யோசனையை ஒரு கல்வியாண்டுக்குத் தள்ளிவைக்கும்படி மட்டும் கேளுங்கள். 215ஆம் விதியின் நகல், மேசைக் கணக்கு, அலமாரி வாசிப்பு நோட்டு மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையே 894.811-இல் தொடங்கிவிடுங்கள். காணவில்லை என்று எழுதியவற்றில் எத்தனை அங்கேயே கிடைத்தன என்று எனக்கும் எழுதுங்கள்.